பாடத்துக்கு வாங்கிய போத்தல்

நான் கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பொறுமை எனக்குக் கொஞ்சம் குறைவு. பதினோராம் தரத்துப் பிள்ளைகள் அதில் மிச்சமிருப்பதையும் வருடா வருடம் தின்று தீர்த்துவிடுவார்கள். எதனோல், அதாவது குடிவகைகளில் இருக்கும் அற்ககோல், மின்னைக் கடத்துமா என்று பரீட்சையில் கேட்டால் பாதிப் பேர் கடத்தும் என்றே எழுதுவார்கள். காரணமும் வைத்திருப்பார்கள். சோடியம் ஐதரொட்சைட்டின் வாலில் ஓ எச் இருக்கிறது, எதனோலின் வாலிலும் ஓ எச் இருக்கிறது, ஆகவே இரண்டும் ஒரே சாதி. வால் இருக்கிறது என்பதற்காக எலியும் பல்லியும் சொந்தக்காரர்களா என்று கத்துவேன். சிரிப்பார்கள். அடுத்த சோதனையிலும் அதையே எழுதுவார்கள்.

சொல்லிப் புரியாததைக் காட்டித்தான் புரியவைக்க வேண்டும். என் கணவர் டவுனில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறார். பழைய டோர்ச் பெட்டரிகளை உடைத்து எடுத்த இரண்டு கரிக்கோல்கள், சின்னதாக ஒரு சிவப்பு எல்.ஈ.டி. மின்குமிழ், ஒரு சதுர பெட்டரி, இவற்றை ஒரு பலகைத் துண்டில் பொருத்தி எனக்கு ஒரு கருவி செய்து தந்திருந்தார். கோல்களை உப்புத் தண்ணீரில் வைத்தால் குமிழ் பளிச்சென்று எரியும். சீனித் தண்ணீரில் எரியாது. எதனோலிலும் எரியாது. பாடம் அவ்வளவுதான்.

அதற்கு எதனோல் வேண்டும். ஆய்வுகூடத்துப் போத்தல் எப்போதோ காலியாகிவிட்டது. புதிதாகக் கேட்டால் அனுமதி, கையெழுத்து என்று அடுத்த தவணைக்குத்தான் வரும். கொரோனாக் காலத்தில் மிஞ்சிய கை துடைக்கும் ஜெல் ஒரு மூலையில் கிடந்தது. போத்தலில் அற்ககோல் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவசரக்காரிக்கு அது போதாதா? வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போய் எல்லாப் பிள்ளைகளும் பார்க்கும்படி கோல்களை அதில் வைத்தேன். குமிழ் எரிந்தது.

"டீச்சர், பத்துது! பத்துது!" என்று வகுப்பே எழும்பி நின்றது.

ஜெல்லைக் கெட்டியாக்க அதில் வேறு இரசாயனம் கலக்கிறார்கள். தண்ணீரில் அயன்களாகப் பிரிந்து மின்னைச் சுமப்பது அதுதான். செய்தது அது, பழி அற்ககோலுக்கு. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். கண்ணால் கண்டதை விட்டுவிட்டுக் கரும்பலகையை நம்ப அந்தப் பிள்ளைகள் என்ன முட்டாள்களா? முன்வாங்கில் இருந்த ஒருத்தி என்மேல் இரக்கப்பட்டு, "அப்ப புத்தகத்துல பிழையா டீச்சர்?" என்று கேட்டாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

தவணைப் பரீட்சை நெருங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை முதற்பாடம்தான் அந்த வகுப்போடு எனக்குக் கடைசிப் பாடம். அதற்குள் சுத்தமான எதனோலைக் காட்டியே ஆக வேண்டும் என்று மனதில் பிடித்துக்கொண்டது. பார்மசிகளில் ஸ்பிரிட் கேட்டுப் பார்த்தேன். ஒன்றில் இல்லை. இன்னொன்றில் நீலமாக எதையோ நீட்டினார்கள். இதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டேன். "காயத்துக்குத்தானே மிஸ்?" என்றார் கடைக்காரர். ஒரு தடவை சூடு கண்ட பூனை நான். கலந்தது எதுவும் எனக்கு வேண்டாம்.

மிஞ்சியது ஒரே வழி, நிறமில்லாத வொட்கா. வடித்தெடுத்த எதனோலும் சுத்தமாக்கிய தண்ணீரும் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. டவுனில் வைன் ஸ்டோர்ஸ் இருக்கிறது. என் கைப்பையில் காசும் இருக்கிறது. ஆனால் நான் பெண். பெண்ணுக்குப் போத்தல் விற்கக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டமே உண்டு. எதனோலின் கட்டமைப்பை இவ்வளவு காலம் படிப்பித்தவளுக்கு அது கிடைக்காது. ஓ எச் என்றால் என்னவென்று தெரியாதவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு போத்தல் வாங்கிப் போவான். நினைக்க நினைக்க ஆத்திரம் வந்தது.

எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் முஸ்லிம் சேர் ஒருவர் இருக்கிறார். எந்த உதவி கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். அவரிடம் மெல்ல இழுத்துப் பார்த்தேன்.

"உங்களுக்குப் பைத்தியமா டீச்சர்?" என்றார். "நான் அந்த லைன்ல நிண்டா பின்னேரத்துக்குள்ள எங்கட பள்ளிவாசல் முழுக்கத் தெரிஞ்சிரும். எக்ஸ்பெரிமெண்டுக்குண்டு சென்னா எவன் நம்புவான்?"

பாடசாலை அதிபரிடம் கேட்டதற்கு அவர் வாங்குவதைப் பற்றியே பேசவில்லை. "என்னமோ செய்யுங்க. ஆனா போத்தலோட மட்டும் ஸ்கூல் கேட்டுக்குள்ள வந்துராதீங்க. யாராவது போட்டோ எடுத்துப் போட்டா நம்ம கத முடிஞ்சிது," என்றார். வீட்டிலேயே ஆய்வுகூடப் போத்தலுக்கு மாற்றிக் கொண்டுவர வேண்டும். அதாவது யார் வாங்கினாலும் அது என் வீட்டுக்குள் வந்துதான் ஆக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். என் கணவர் குடித்தவர். அடிக்கிற, கத்துகிற குடியில்லை. கடையை மூடிவிட்டு அமைதியாகக் குடிப்பார், அமைதியாக வந்து படுப்பார், அமைதியாகவே ஈரலைக் கெடுத்துக்கொண்டார். வயிறு ஊதி, கண் மஞ்சளாகி, பேராதனை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஈரல் தாங்காது என்றார். அன்றிலிருந்து அவர் தொடவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதும் இல்லை. கலியாண வீடுகளில் ஆண்கள் பின்பக்கம் ஒதுங்கத் தொடங்கும்போது எனக்குத் தலைவலி வந்துவிடும். உடனே புறப்பட்டுவிடுவோம். மகள் யாழ்ப்பாணத்தில் படிக்கிறாள். அம்பிட்டிய வீட்டில் நாங்கள் இருவர்தான்.

வெள்ளிக்கிழமை மாலை அவர் என் கருவிக்குப் புது பெட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார்.

சொல்லக் கூடாதென்றுதான் இருந்தேன். ஆனால் எனக்கு வாய்க்குள் எதுவும் நிற்காது. ஜெல், பார்மசி, கணித சேர், அதிபர் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரித்தார்.

"சாராயம் கரண்ட கடத்தாதா? எனக்குள்ள நல்லாத்தானே கடத்திச்சு."

நான் சிரிக்கவில்லை. அவர் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, "நான் வாங்கிட்டு வர்றேன்," என்றார்.

"வேணாம்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் என் பதில் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். "பயமா இருக்கா?"

ஆம் என்றால், இத்தனை காலம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்கு ஒரு மதிப்பும் இல்லை என்றாகிவிடும். இல்லை என்றால், பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை.

"எனக்கென்ன பயம்?" என்றேன். "நாளைக்கு நானும் டவுனுக்கு வர்றேன். மரக்கறி வாங்கணும்."

"நேத்துத்தானே வாங்கின?"

"முருங்கக்கா இல்ல."

திங்கட்கிழமை போயா, பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை. அன்று ஊரில் ஒரு துளி விற்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் தன் கடையைத் திறப்பதில்லை, டவுன் பக்கம் போவதுமில்லை. ஆகவே சனிக்கிழமை பின்னேரமே வாங்க வேண்டியதாயிற்று. போயாவுக்கு முன்னால் ஊரே சேமித்து வைக்கப் பார்க்கும். வைன் ஸ்டோர்ஸ் வாசலிலிருந்து நடைபாதை வரைக்கும் வரிசை நின்றது. அவர் அதன் வாலில் போய் நின்றார். நான் எதிர்ப்பக்கத்தில், துணிக்கடை வாசலில், முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பையோடு நின்றேன்.

வரிசை நகரவேயில்லை. பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து நடுவில் நின்று அவரை மறைத்தன. பஸ் போனதும் எட்டிப் பார்ப்பேன், அங்கேயே நிற்பார். முன்னால் நின்ற ஒருவர் திரும்பி அவரைக் கண்டு தோளில் தட்டினார். பழைய குடிக் கூட்டாளி. என்னவோ சொன்னார். இவரும் சிரித்தார். இன்னொருவர் வரிசையிலிருந்தே குனிந்து பார்த்துக் கையை ஆட்டினார். எவ்வளவோ காலம் காணாமல் போனவரை மறுபடி கண்ட சந்தோஷம் அந்த முகங்களில். துணிக்கடைப் பெண் என்ன வேண்டும் என்று கேட்க, கையில் அகப்பட்ட ஒரு துவாயை எடுத்து விலை கேட்டேன். விலையைச் சொன்னாள், அது காதில் விழவில்லை. குறுக்கே ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரலாமா என்றிருந்தது.

அவர் வெளியே வந்தபோது போத்தலைச் செய்தித்தாளில் சுற்றிக் கையிடுக்கில் வைத்திருந்தார். முன்பும் அப்படித்தான் வைப்பார்.

"இந்தா, உன்ட கெமிக்கல்," என்று நீட்டினார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. அந்த நெருக்கடியில் யாருக்குத்தான் வியர்க்காது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு அவர் குளிக்கப் போனார். நான் எடுத்து அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தேன். சாவி பூட்டிலேயே தொங்கியது. பூட்டினால் அவமானப்படுத்துவதாகும். பூட்டாமல் விட்டால் முட்டாள்தனம். பூட்டாமல் கதவை மட்டும் சாத்தினேன். அப்போதே ஆய்வுகூடப் போத்தலில் ஊற்றிவிட்டிருக்கலாம். ஆனால் மூடியின் சீல் உடைந்தால் பிறகு அளவுக்கு யார் சாட்சி? சீல் அப்படியே இருக்கிறவரைக்கும் எனக்கு நிம்மதி. அது ஒரு நிம்மதியா என்று கேட்டால் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் எனக்கு அலுமாரியில் வேலை இருந்துகொண்டே இருந்தது. கைக்குட்டை எடுக்கப் போனேன். ஊசி எடுக்கப் போனேன். செவ்வாய்க்கிழமை கட்டப்போகும் சேலையைத் தேர்ந்தெடுக்கப் போனேன், பிறகு அந்த நிறம் பிடிக்காமல் வேறொன்று எடுக்கப் போனேன். அன்று எனக்கு அலுமாரியில் இருந்த வேலை கலியாண வீட்டுக்காரிக்கும் இருந்திருக்காது. ஒவ்வொரு தடவையும் சேலைக்குக் கீழே கையை விட்டு மூடியைத் தடவுவேன். சீல் இருக்கும். கதவைச் சாத்திவிட்டு வருவேன். குசினிக்குள் போய் அடுப்பைத் தொடுவதற்குள் மறுபடி சந்தேகம் வந்துவிடும்.

அவர் வெளிவிறாந்தையில் ஒரு மேசைக் காற்றாடியைக் கழற்றிப் பரப்பிவைத்து அதோடு மாரடித்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோது தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"என்ன, அலுமாரியில கரப்பான்பூச்சியா?"

"சேல அடுக்குறேன்," என்றேன்.

"அடுக்கு, அடுக்கு," என்றார்.

அந்தக் காற்றாடியை அன்று அவர் பூட்டி முடிக்கவேயில்லை. ஒரே திருகாணியைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். எனக்கு என் அலுமாரியே பெரிய பாடாக இருந்ததால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை, போயாவன்று, சித்தியைப் பார்க்கப் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருந்தார். பகல் சாப்பாடு நான் கொண்டு வருவதாக முதல் நாளே சொல்லியாகிவிட்டது. கணவரையும் வாங்களேன் என்று கூப்பிட்டேன்.

"அந்த வாசம் எனக்கு ஆகாது. நீ போயிட்டு வா," என்றார்.

அவர் அந்த ஆஸ்பத்திரியில் கிடந்த கிடைக்கு அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் வீட்டில் அவரும் போத்தலும் மட்டும். சோற்றுப் பெட்டியைக் கட்டும்போதே ஒரு முடிவுக்கு வந்தேன். சேலைகளுக்குக் கீழேயிருந்து போத்தலை எடுத்து, துவாயில் சுற்றி, சோற்றுப் பெட்டிக்கு அடியில் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது சரிதான். கேட் வரைக்கும் போகவில்லை, எல்லாம் கண்ணுக்குள் வந்துவிட்டது. போயா நாள் பஸ், வெள்ளை உடுத்து விகாரைக்குப் போகிறவர்கள், நடுவில் நான், பைக்குள் வொட்கா. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னால் மறுநாள் கண்டி முழுக்க நான்தான் பேச்சு. திரும்பி வந்தேன்.

"என்ன மறந்துட்ட?" என்றார் விறாந்தையிலிருந்து.

"குட."

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உள்ளே போய்ப் போத்தலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

சித்தி என்ன பேசினார், நான் என்ன சொன்னேன் என்று கேட்டால் தெரியாது. "ஏண்டி, நெருப்புல நிக்கிற மாதிரி நிக்கிற?" என்று அவர் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. சாப்பிட்டு முடிக்கும்வரை கூட இருக்க முடியவில்லை. பெட்டியைக் கழுவாமலே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பும் பஸ் ஒவ்வொரு தன்சல் பந்தலுக்கும் நின்றது. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கும் கடலையையும் குளிர்பானத்தையும் வாங்கச் சனம் இறங்கி ஏறியது. ஒருவர் என் கையிலும் ஒரு கோப்பையைத் திணித்துவிட்டுப் போனார். புண்ணியத்துக்குக் கொடுக்கிறவர்களைச் சபித்த பாவமும் அன்று எனக்குச் சேர்ந்தது.

வீட்டுக் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது. அந்த வாசம் எனக்குத் தெரியாதா? வருடக்கணக்காக என் தலையணைக்குப் பக்கத்தில் படுத்த வாசம். யன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. குசினி மேசையில் என் ஆய்வுகூடப் போத்தல் நிறைந்து, தக்கை இறுக்கி அடைக்கப்பட்டு நின்றது. அதில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, கடையில் விலை எழுதும் அழகான எழுத்தில் 'எதனோல்' என்று எழுதியிருந்தார். வொட்காப் போத்தல் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

"நீ நாளைக்குக் காலையில அவசரத்துல சிந்திருவ. அதான் ஊத்தி வச்சேன்."

"மிச்சம்?"

"உன்ட போத்தல் சின்னது. மிச்சத்த சிங்குல ஊத்திட்டேன்."

நான் கவிழ்த்த போத்தலைப் பார்த்தேன். சிங்கைப் பார்த்தேன். பிறகு அவர் வாயைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஓர் அடி முன்னால் வந்தார். பொலிஸ்காரர் வழிமறித்து, குடித்தவரா என்று சோதிக்கும் பலூனை நீட்டும்போது சாரதிகள் நிற்பதுபோல நின்றார்.

"ஊதிக் காட்டவா?"

"சே, வேணாம்," என்றேன்.

வேண்டும் என்றுதான் என் ஒவ்வொரு நரம்பும் கேட்டது. ஆனால் கட்டின புருஷனை எப்படி ஊதச் சொல்வது? அவர் விறாந்தைக்குப் போனதும் நான் சிங்குக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தேன். குழாய்க்குள்ளிருந்து வாசம் வந்தது. ஊற்றியிருக்கிறார். எவ்வளவு ஊற்றினார், அதற்கு முன் எவ்வளவு போனது என்று சிங்க் சொல்லுமா? எனக்குத் தெரிந்த இரசாயனத்தில் அதற்கு ஒரு வழியும் இருக்கவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் ஒரு வார்த்தை குழறுகிறாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் அதிகம் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை முதற்பாடம். பெட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு போத்தலும் பெற்றோல் ஷெட்டில் வாங்கிப் போயிருந்தேன். முதலில் அதில் காட்டினேன், எரியவில்லை. குழாய்த் தண்ணீரில் மங்கலாக எரிந்தது, அதில் கொஞ்சம் உப்புக்கள் கரைந்திருக்கின்றன என்று சொன்னேன். உப்பைப் போட்டதும் பளிச்சென்று எரிந்தது. சீனியில் எரியவில்லை. ஒவ்வொரு தடவையும் கோல்களைக் கழுவித் துடைத்தேன். பிறகு அவர் 'எதனோல்' என்று எழுதித் தந்த போத்தலைத் திறந்தேன்.

பிள்ளைகள் முன்னுக்கு நெருக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களைவிட நான்தான் அதிகமாகக் குனிந்தேன். அவர் குடித்துவிட்டு அளவை நிரப்பக் குழாயைத் திறந்திருந்தால், இந்தக் குமிழ் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். குமிழைச் சுற்றிக் கையைக் குவித்து இருட்டாக்கிப் பார்த்தேன். எரியவில்லை. ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை.

"பத்தல டீச்சர்," என்றாள் முன்வாங்குப் பெண். அவள் குரலில் ஏமாற்றம் இருந்தது.

அதே முகவையில் காய்ச்சி வடித்த தண்ணீரைச் சேர்த்துக் கலக்கினேன். அப்போதும் எரியவில்லை. "பாருங்க," என்றேன். "தண்ணியோட முழுசாக் கலந்துருச்சு. ஆனா எதனோல் மூலக்கூறு உடையல்ல, அயனாகப் பிரியல்ல. அந்த ஓ எச் காபன இறுக்கிப் புடிச்சிக்கிட்டு விடாம நிக்கிது. கரண்ட சுமக்க அங்க ஆள் இல்ல. அதனால இது மின்பகுபொருள் இல்ல." கடைசியில் அதற்குள்ளேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டேன். குமிழ் எரிந்தது. வகுப்பு "ஆ" என்றது. அந்த 'ஆ'வுக்காகத்தான் இத்தனை பாடும். ஜெல்லில் நடந்தது என்னவென்று நான் கேட்காமலே ஒருவன் சொன்னான். முப்பது பேர் முகத்திலும் விளங்கியது தெரிந்தது.

எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. போத்தலில் இருந்தது சுத்தமானது என்றுதான் குமிழ் சொன்னது. போத்தலுக்கு வெளியே நடந்ததற்கு அது பொறுப்பில்லை. மிஞ்சியதை ஆய்வுகூடச் சிங்கில் ஊற்றி, குழாயை நன்றாகத் திறந்துவிட்டேன். மணி அடித்ததும் கணித சேர் எட்டிப் பார்த்து, "வெற்றியா டீச்சர்?" என்றார். வெற்றி என்றேன்.

பாடசாலை விட்டதும் நேரே கடைக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது, கடையில் ஆள் இல்லை. அவர் பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்து என் பக்கம் தள்ளினார்.

"பத்திச்சா?"

"பத்தல்ல."

"ம்," என்றார். மேசையில் கிடந்த வயர்த் துண்டை எடுத்து விரலில் சுற்றினார். பிறகு கழற்றினார். "ஒன்னு சொல்லணும்."

குடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நேத்து நான் குடிக்கல்ல. ஆனா உன்ட போத்தலுக்கு ஊத்தினதுக்குப் பொறகு மிச்சத்த கிளாஸ்ல ஊத்திட்டேன். கையில வச்சிக்கிட்டு குசினியில ரொம்ப நேரம் நின்னேன். சனிக்கிழம லைன்ல நின்னதுல இருந்தே எனக்கு முடியல்ல. நீ அலுமாரியத் தொறக்குற சத்தம் கேக்குறப்ப எல்லாம், அது உள்ளுக்கு இருக்கு, இருக்குன்னு ஞாபகம் வந்துக்கிட்டே இருந்திச்சு. கிளாஸ வாய்க்கிட்ட கொண்டுபோனேன். அப்ப அடுத்த வீட்டு நாய் கொரச்சிச்சு. நீ வந்துட்டன்னு நெனச்சு சிங்குல கொட்டிட்டேன்."

"நான் அப்ப வரல்லியே."

"வரல்ல. அது சும்மா கொரச்சிருக்கு."

கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் என் வாய் நிற்காது.

"நாய் கொரைக்காட்டி?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "குடிச்சிருப்பேன்."

மூன்று நாளாக நான் தேடிய சாட்சி இதுதான். கையில் கிடைத்ததும் வேண்டாம் என்றிருந்தது. ஒரு நாயின் குரைப்பு அளவு தூரத்தில் அவர் நின்றிருக்கிறார். நான் அந்த நேரம் பஸ்ஸுக்குள் தன்சல்காரர்களைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"இனிமே நான் வாங்கிட்டு வர்றேன்னு சொன்னா விடாத," என்றார். "நான் கோவிச்சிக்கிட்டாலும் விடாத. பெரிய ஆள் மாதிரி பேசுவேன், அதக் கேக்காத."

சரி என்றேன். மேசைக்கு மேலால் அவர் கையைப் பிடித்தேன். கடைத்தெருவில், பட்டப்பகலில், இத்தனை வருடக் கலியாணத்தில் நான் அப்படிச் செய்ததே இல்லை. யாரோ குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் ஏறி வந்தார், ஏதோ சாமான் இருக்கிறதா என்று கேட்டார். நான் கையை விடவில்லை.